ஸ்டோரேஜ் அறை: இரண்டு மழைக்காலத்துக்குப் பிறகு

வீட்டை இடித்துக் கட்டப்போகும் நண்பர், சாமான்களை வாடகைக்குக் கிடைக்கும் ஸ்டோரேஜ் அறையில் போடலாமா என்று கேட்டார். அவருக்குச் சொன்னதுதான் இது. என்னுடையது சென்னையில் 5 அடிக்கு 10 அடி அறை, தரைத்தளம், ஏசி கிடையாது. வடகிழக்குப் பருவமழையை இரண்டு முறை தாண்டியாயிற்று. பூட்டு, கேமரா, வாடகை எதிலும் குறை இல்லை.

எரிச்சல் எல்லாம் ஸ்ட்ரெச் ஃபிலிம் மேல்தான், அதாவது சாமான்களைச் சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் படலம். பேக்கர்ஸ் ஆட்கள் சோபா, மெத்தை, கட்டில் என்று எதைக் கண்டாலும் நாலு சுற்று சுற்றிவிடுகிறார்கள். லாரியில் போகும் ஒரு நாளுக்கு அது அருமையான பொருள். கீறல் விழாது, தூசி ஏறாது. அதை அப்படியே ஆறு மாதம் விட்டுவைப்பதுதான் கொடுமை. மரத்திலும் பஞ்சிலும் எப்போதும் கொஞ்சம் ஈரம் இருக்கும். பகல் சூட்டில் அது வெளியே வரும். ராத்திரி படலத்தின் உட்பக்கம் வியர்த்து, துணியிலேயே திரும்பப் படியும். ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டினாலே பூஞ்சைக்குக் கொண்டாட்டம். நவம்பரில் சென்னைக் காற்று பல நாள் 80ஐத் தொடும். பாலிஷ் போட்ட மரத்தில் படலம் ஒட்டிக்கொண்டு வெள்ளைத் திட்டு விடுவது தனி வேதனை.

சாமான் இறங்கிய அன்றே படலத்தை அறுத்து எடுத்துவிடுங்கள். பழைய பருத்தி வேட்டியோ படுக்கை விரிப்போ போர்த்தி, சணல் கயிற்றால் கட்டினால் போதும். இலவம்பஞ்சு மெத்தையை இரண்டு நாள் நல்ல வெயிலில் போட்ட பிறகுதான் உள்ளே கொண்டுபோக வேண்டும்.

எதிர்பாராமல் மனசைக் குளிரவைத்தது பிளாஸ்டிக் பேலட், சாமானைத் தரையிலிருந்து தூக்கி வைக்கும் தட்டு. பழையதே போதும், நாலு அங்குல உயரம் இருந்தால் சரி. கான்கிரீட் தரையில் ஓதம் ஏறும். தரையில் வைத்த அட்டைப்பெட்டி, ஐந்து அடுக்கு அட்டை ஆனாலும், ஈரம் குடித்து வலுவிழந்து மேலே உள்ள பாரத்தில் உட்கார்ந்துவிடும். பேலட் மேல் வைத்து, சுவரிலிருந்து மூன்று அங்குலம் தள்ளிப் போட்ட பெட்டிகள் இரண்டு மழைக்கும் மொடமொடவென்று இருந்தன.

புத்தகங்களுக்கு அட்டைப்பெட்டியே வேண்டாம். அதன் பசைக்கு ராமபாணப் பூச்சி வரும். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி, ஒன்றுக்கு 15 கிலோவுக்கு மேல் போகாமல், உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் 200 கிராம். ஆரஞ்சு மணிகள் ஈரம் குடித்துக் கரும்பச்சை ஆனதும் 120 டிகிரி சூட்டில் ஓவனில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி உழைக்கும். ஈரம் உறிஞ்ச வைக்கும் கால்சியம் குளோரைடு டப்பாவை பீரோ மேல் வைக்காதீர்கள். அதில் சேர்வது உப்புநீர். கவிழ்ந்தால் பீரோ துருப்பிடிக்கும். அந்துருண்டையைத் தெர்மாகோலுக்குப் பக்கத்தில் போட்டால் தெர்மாகோல் உருகும்.

ஃபிரிட்ஜை ஒரு நாள் திறந்துவைத்து உலர்த்தி, கதவு முழுதாக மூடாதபடி இடுக்கில் துணியைச் சுருட்டிச் செருகுங்கள். வாஷிங் மெஷினின் வடிகுழாயைத் தரைவரை இறக்கி, மிச்சத் தண்ணீரை வடித்துவிடுங்கள். நடுவில் ஒன்றரை அடி நடைபாதை விட்டு, பெட்டி எண்ணை மூடியில் எழுதாமல் இரண்டு பக்கவாட்டிலும் எழுதுங்கள்.

அறை நல்ல அறைதான், வாடகைக்குத் தகும். இருந்தும் நண்பரிடம் சொன்னது: பாத்திரம், புத்தகம், பீரோ எல்லாம் போடுங்கள், மெத்தையையும் சோபாவையும் அக்டோபருக்கு முன்னாலேயே விற்றுவிடுங்கள்.