வார்ப்பிரும்பு புல்லட்டும் அதன் மிக்கார்பும்: எடுக்கலாமா என்று கேட்ட தம்பிக்கு

"அண்ணே, 95 மாடல் புல்லட், ஸ்டாண்டர்ட் 350 ஒண்ணு வருது, எடுக்கலாமா?" என்று ஊரிலிருந்து ஒரு தம்பி போன வாரம் கேட்டான். 346 சிசி, 18 குதிரைத்திறன், நாலு கியர், அதுவும் வலது காலில், இதெல்லாம் அவனுக்கே மனப்பாடம், அதை நான் சொல்ல வேண்டியதில்லை. அவன் கேட்ட நேரத்தில் அதே ரக வண்டியின் கார்புரேட்டரை, அதாவது பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகத்தை, பிரித்துத் தட்டில் பரப்பி வைத்திருந்தேன், அதனால் என் பதிலும் அதைச் சுற்றித்தான் வரும்.

வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட்டை நெடுநாள் வைத்திருப்பவர்களிடம் கேளுங்கள், ஆளுக்கு ஒரு குறை சொல்வார்கள். ஆயில் கசிவு என்பார் ஒருவர், கிக்கர் திருப்பி அடிக்கிறது என்பார் இன்னொருவர். எனக்கு அதெல்லாம் பழகிப்போச்சு. என்னை இத்தனை வருடமாக விடாமல் படுத்துவது ஸ்லோ, அதாவது ஆக்சிலேட்டர் கொடுக்காதபோது இன்ஜின் நின்று ஓடும் ஓட்டம், மட்டும்தான். காலையில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் சோக்கை எடுத்துவிட்டு, கையை ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்த பிறகு அது நிதானமாக ஒன்று, ஒன்று, ஒன்று என்று அடித்துக்கொண்டு நிற்க வேண்டும். நின்றால் அந்த வண்டிக்கு நிகராக நான் எதையும் சொல்ல மாட்டேன். ஆனால் ரெண்டு மாசம் நல்லா நிற்கும், அப்புறம் ஒரு நாள் சிக்னலில் ஏறும், இறங்கும், பொட்டென்று அணைந்துவிடும், பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும், நான் இன்ஜினின் அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரஸரைப் பிடித்து, கிக் அடிக்கச் சரியான இடம் வந்ததா என்று ஆம்பியர் முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இதில் கார்புரேட்டர் மேல் எனக்குக் கோபமே கிடையாது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜப்பானின் மிகுனியோடு கூட்டு வைத்து நம் சென்னையின் யூகால் செய்த விஎம்24 அது, மிக்கார்ப் என்று பக்கவாட்டில் எழுத்து இருக்கும். ஒரு திருப்புளியும் ரெண்டு ஸ்பேனரும் இருந்தால் மொட்டை மாடியில் உட்கார்ந்து முழுசாகப் பிரித்துவிடலாம். மின்சாரம் இல்லை, சென்சார் இல்லை, லேப்டாப் செருகத் தேவையில்லை. ஒவ்வொரு ஓட்டையும் எதற்கு என்று கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளலாம், வாயில் வைத்து ஊதியே பாதி வேலையைச் சோதித்துவிடலாம். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு புது பைக்குகளில் இந்த வசதி அநேகமாகப் போய்விட்டது, எனக்கு அதில் உண்மையாகவே வருத்தம்.

ஸ்லோவைத் தீர்மானிப்பது பைலட் ஜெட். சின்னப் பித்தளைத் திருகு, நடுவில் ஒரு துளை, கால் மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். அதைக் கழற்றி ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். சுத்தமாக இருந்தால் வட்டமாக, ஓரம் தெளிவாக ஒரு வெளிச்சப் புள்ளி தெரியும். பச்சையாக ஏதோ ஒட்டிக்கொண்டு புள்ளி பிறை மாதிரி தெரிந்தால் உங்கள் வியாதி அங்கேயே இருக்கிறது. இந்த இடத்தில்தான் நம் பட்டறைகளில் பாதிப் பேர் கிளட்ச் வயரிலிருந்து ஓர் இழையைப் பிய்த்து உள்ளே விட்டுக் குடைகிறார்கள். இரும்பு இழை பித்தளையைச் சீவிவிடும். துளை ஒரு முடி அகலமானாலும் அந்த ஜெட்டுக்கு அதில் பொறித்த அளவு நம்பர் பொருந்தாது, பிறகு ஸ்லோவுக்குப் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஏர் ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருப்பினாலும் சரிவராது. பிரஷ்ஷில் இருக்கும் நைலான் நார் போதும். முதலில் கார்ப் கிளீனர் ஸ்ப்ரே, அதுவும் போகாவிட்டால் மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறப்போடுவது, கடைசியாக அல்ட்ராசோனிக் தொட்டி வைத்திருக்கும் கடை. பித்தளைதானே, புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஜெட்டுக்கு என்ன ஆகுமோ, பாடி துத்தநாகக் கலவை, புளிப்பு அதைத் தின்றுவிடும்.

ஜெட்டைச் சுத்தம் செய்துவிட்டு மூடிவிடுபவர்கள் அதிகம். ஜெட்டிலிருந்து, ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கும் ஸ்லைடுக்கு அடியில் போய்த் திறக்கும் வழிதான் அதைவிட மோசமாக அடைத்திருக்கும். ஏர் ஸ்க்ரூவைக் கழற்றி அந்த ஓட்டையில் ஸ்ப்ரே குழாயை வைத்து அழுத்தினால் ஸ்லைடு உட்காரும் தரையில் இருக்கும் சின்ன ஓட்டைகளில் அது நேராகப் பீய்ச்சி வர வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் இன்னும் வேலை இருக்கிறது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு செய்யுங்கள், அது கண்ணில்தான் வந்து அடிக்கும்.

இதெல்லாம் செய்தும் ஸ்லோ நிற்கவில்லை என்றால் எல்லோரும் மறுபடி ஜெட்டையே சந்தேகப்படுவார்கள். எனக்கு இந்த முறை கிடைத்த பதில் வேறு இடத்தில் இருந்தது. கார்ப், இன்ஜின் ஹெட்டோடு சேரும் முகம். ரெண்டு நட்டு போட்டு முடுக்கும் அந்தத் தட்டையான முகத்தை, ஏர் பிடித்துவிடக் கூடாது என்று வருடக்கணக்காக ஒவ்வொரு கையும் பலம் கொண்ட மட்டும் முடுக்கியிருக்கிறது. நடுவில் ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம், நட்டு ஏறும் ரெண்டு காதும் ஹெட் பக்கமாக வளைந்துவிடும். எவ்வளவு முடுக்குகிறோமோ அவ்வளவு வளையும், அவ்வளவு ஏர் உள்ளே போகும். ஸ்லோவில் ஓடும்போது அந்தச் சந்தில் லேசாக ஸ்ப்ரே அடித்தால் இன்ஜின் சத்தம் மாறும், மாறினால் லீக் உறுதி. கனமான கண்ணாடித் துண்டின் மேல் 400 நம்பர் உப்புத்தாளை வைத்து அந்த முகத்தை எட்டு போடுகிற மாதிரி மெதுவாகத் தேய்த்தேன். முதல் சில இழுப்பிலேயே காது ரெண்டும் பளிச்சென்று ஆகி நடுப்பகுதி கருப்பாகவே நின்றது. அதைப் பார்த்ததும் எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி மாளாது. முழு முகமும் ஒரே நிறத்துக்கு வரும் வரை தேய்த்து, புது ஓ-ரிங் போட்டு, ஸ்பேனரின் முனையைக் கையில் பிடித்து இழுக்காமல் நடுவில் பிடித்து அளவாக முடுக்கினேன். ஏர் ஸ்க்ரூவை முழுசாக மூடி ஒன்றரைச் சுற்று திறந்து ஆரம்பித்தேன். ஸ்லோ நின்றது.

இனி கோபம் வரும் இடத்துக்கு வருகிறேன். ரிப்பேர் கிட். பளபளப்பான பாக்கெட், உள்ளே ஜெட், ஊசி, பேக்கிங், ஓ-ரிங் எல்லாம் வரிசையாக இருக்கும், பாக்கெட்டின் மேல் ஒரிஜினல் என்றே அச்சடித்திருக்கும். ஜெட்டில் நம்பர் சரியாகப் பொறித்திருப்பான், பழைய ஜெட்டோடு சேர்த்து வெளிச்சத்தில் பிடித்தால் புதுசின் துளை பெரிசு, ஓரத்தில் பிசிறு. கார்பின் அடிக் கிண்ணத்துக்கு வரும் பெட்ரோலை அடைக்கும் மிதவை ஊசி உட்காரும் இடத்தில் உட்காராது, பெட்ரோல் டேப்பைத் திறந்ததும் ஓவர்ஃப்ளோ குழாயில் பெட்ரோல் சொட்டும். வண்டி மேல் ஆசை வைத்து, ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்து, தானே கற்றுக்கொண்டு செய்கிற ஒருவனை இப்படி ஏமாற்றுவது அநியாயம். அவன் தன் கைவேலைதான் சரியில்லை என்று நினைத்து மறுபடி மறுபடி பிரித்துக்கொண்டிருப்பான். அதனால் கிட்டில் ரப்பரையும் பேக்கிங்கையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், பழைய பித்தளையைத் தூக்கிப் போடாதீர்கள். மிதவை ஊசியின் முனையை லென்ஸில் பாருங்கள், வளையமாகப் பள்ளம் விழுந்திருந்தால்தான் அதை மாற்ற வேண்டும். அப்போதும் சென்னையில் பழைய உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டையில் ஒரு பழைய கார்பைப் பிடித்து அதிலிருந்து எடுப்பது நான் பார்த்தவரை இந்தப் பாக்கெட்டுகளை விட மேல்.

அடுத்தது பெட்ரோல். 2023 பிப்ரவரியில் ஆரம்பித்து, 2025-இல் பங்க்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்ததே வழக்கமாகிவிட்டது. சுத்தமான பெட்ரோல் எரிய எடைக் கணக்கில் அதைப் போல் 14.7 மடங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 மடங்கே போதும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் சைலன்சர் பக்கம் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் பார்த்துச் சரிசெய்துவிடும். மிக்கார்புக்கு என்ன தெரியும், பழைய பெட்ரோலுக்குப் போட்ட அதே துளைகளில் இதையும் விடுகிறது, காற்று மிஞ்சிக் கலவை மெலிந்துவிடுகிறது. பிளக் வெளுக்கிறது, ஆக்சிலேட்டரை விட்டால் சைலன்சரில் பட்பட்டென்று வெடிக்கிறது. ஸ்லைடில் தொங்கும் நீள ஊசியின் கிளிப்பை ஒரு காடி கீழே இறக்கி, ஏர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் உள்ளே திருப்பினேன், ஓட்டம் நன்றாக மாறியது. ஆனால் எத்தனால் ஈரத்தை இழுப்பதை எந்தத் திருகாலும் நிறுத்த முடியாது. மழைக்காலத்தில் ரெண்டு வாரம் வண்டியை எடுக்காமல் விட்டால் கிண்ணத்தின் அடியில் வெள்ளைப் பொடி பூத்துவிடுகிறது, அது நேராகப் பைலட் ஜெட்டுக்குத்தான் போகும். நிறுத்திவைப்பதாக இருந்தால் டேப்பை மூடிவிட்டு வண்டி தானாக அணையும் வரை ஓடவிட்டுக் கிண்ணத்தைக் காலி செய்யுங்கள்.

கார்பில் கை வைக்கும் முன், பிளக்கில் பொறி வரத் திறந்து மூடும் பாயிண்டைப் பார்க்கவும் மறக்காதீர்கள், இடைவெளி 0.35-இலிருந்து 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். கார்ப் கோளாறு என்று வரும் பல வண்டிகளில் பாயிண்ட்தான் கருகியிருக்கும்.

சரி, எடுக்கலாமா? வேண்டாம் தம்பி. இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்கிறானே என்று நினைப்பாய். இந்த வாரம் என் வண்டி அருமையாக நிற்கிறது, ஆனாலும் வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது. நீ வேலை பார்ப்பது வெளியூரில், மாசத்துக்கு ஒரு முறை ஊருக்கு வந்து ஓட்டுவாய். இன்றைய பெட்ரோலுக்கு இந்த வண்டியை அப்படி வைத்திருக்க முடியாது, வருகிற ஒவ்வொரு முறையும் உன் சனிக்கிழமை பைலட் ஜெட்டுக்குப் போய்விடும், கிடைக்கும் சாமானும் உன்னை ஏமாற்றும். வாரம் ரெண்டு முறையாவது ஓட்டுகிற இடத்தில் நீ இருந்திருந்தால் நானே கூட வந்து விலை பேசியிருப்பேன்.

ஒருவேளை அட்வான்ஸ் கொடுத்துவிட்டாய் என்றால், போய்ப் பார்க்கும்போது வண்டியை முன்கூட்டியே சூடாக்கி வைக்க வேண்டாம் என்று சொல். குளிர்ந்த இன்ஜினில் நீயே கிக் அடி. சூடான பிறகு ஸ்லோவில் விட்டுவிட்டு ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் திருப்பிப் பார், சத்தம் ஏறினால் கேபிள் இழுக்கிறது, அது சின்ன வேலை. ஏர் ஃபில்டர் பக்கத்தைக் கழற்றி ஸ்லைடை விரலால் ஆட்டிப் பார், தொளதொளவென்று இருந்தால் பாடியே தேய்ந்துவிட்டது, அதற்குத் தனியாக விலையைக் குறை. பழைய ஓனர் கிட் மாற்றியிருந்தால், கழற்றிப் போட்ட பித்தளை ஜெட்டுகள் வீட்டில் ஏதாவது ஒரு டப்பாவில் கிடக்கும். அதை மறக்காமல் கேட்டு வாங்கு, காசு கேட்டாலும் கொடு.