விரிசலைக் காவல் காக்க எது நல்லது: கேமராவா, கரண்டா, காதா?

ஆரல்வாய்மொழிக் கணவாயில் சுழலும் காற்றாலை இறக்கை, ஒவ்வொரு சுற்றிலும் தன் எடையாலேயே ஒருமுறை இப்படியும் அப்படியும் வளைகிறது. நிமிடத்துக்கு 20 சுற்று என்று வைத்தாலும் ஒரு நாளில் 28,800 முறை. அதைப் பிடித்திருக்கும் எஃகு போல்ட் ஒரே நாளில் உடையாது. முடியைவிடச் சன்னமான விரிசல் ஒன்று விழுந்து, மெல்ல வளர்ந்துதான் உடையும். இந்தச் சின்ன விரிசல், பெரிய விரிசலுக்கான கணக்கு சொல்வதைவிட வேகமாக வளர்வதும் உண்டு. தொடக்கத்திலிருந்தே அதைக் கண்காணிக்க வேண்டியிருப்பது அதனால்தான்.

ஆய்வகத்தின் பழைய வழி, இயந்திரத்தை நிறுத்தி, அசிட்டோனில் நனைத்த அசிட்டேட் என்னும் பிளாஸ்டிக் படலத்தை உலோகத்தில் ஒட்டி, விரிசலின் அச்சு அதில் பதிந்ததும் உரித்து, நுண்ணோக்கியில் பார்ப்பது. துல்லியம் அபாரம்தான், ஆனால் ராத்திரி 2 மணிக்கும் ஆள் வேண்டும்.

கேமரா வைத்தால் ஆள் தூங்கலாம். ஆனால் அதற்கு மேற்பரப்பு மட்டும்தான் தெரியும், ஆழம் தெரியாது. பாலிஷ் போட்டபோது விழுந்த கீறலையும் சில நேரம் விரிசல் என்று எண்ணிவிடும்.

ஆய்வகத்தில் என் ஓட்டு கரண்டுக்கு. மாறாத மின்னோட்டத்தை உலோகத்தில் செலுத்தினால், விரிசல் வளர வளரக் கரண்ட் போகும் பாதை குறுகி, இரண்டு முனைகளுக்கு இடையிலான மின்னழுத்தம் ஏறும். ஏறுவது மைக்ரோவோல்ட் கணக்கில் என்பதுதான் தலைவலி. கம்பி உலோகத்தைத் தொடும் இடம் லேசாகச் சூடானாலே அங்கே தனியாக ஒரு மின்னழுத்தம் பிறந்துவிடும். ஜன்னல் வழியே கடற்காற்று வந்தால் போதும், எண் ஆடும். கரண்டின் திசையை மாற்றி மாற்றி அளந்து இதைக் கழிக்கிறார்கள். டைட்டானியக் கலவைக்கு மின்தடை அதிகம் என்பதால் சமிக்ஞை தெளிவாக வரும். அலுமினியத்தில் அவ்வளவு சுலபமில்லை. அப்புறம், விரிசல் எங்கே விழும் என்று முன்பே தெரிந்திருந்தால்தான் இந்த முறைக்கு மதிப்பு. அதற்காகவே சின்னதாக ஒரு வெட்டுக் கொடுத்து, அதன் இரு பக்கமும் கம்பி வைப்பார்கள்.

இடையில் ஒன்று: ஈரக்காற்று அலுமினியக் கலவையில் விரிசலை வேகப்படுத்தும். ஏசி அறையில் அளந்த விரிசல் வேகத்தைக் குமரிக் கடற்கரைக்கு அப்படியே கொண்டுவர முடியாது.

காது என்பது ஒலி உணரி. விரிசல் நீளும்போது எழும், நம் காதுக்கு எட்டாத அதிர்வை அது பிடிக்கும். நீளம் எவ்வளவு என்று நேரடியாகச் சொல்லாது. சரி, காற்றாலைக் கோபுரத்துக்கு எதை ஏற்றுவது? இயந்திரத்தை நிறுத்தாமல், எங்கே விரிசல் என்று முன்பே தெரியாமலும் காவல் காக்க இதுதான் தோது. ஆனால் போல்ட் உரசலும் சாரல் மழையும் அதற்கு ஒரே இரைச்சல். விரிசலின் சத்தத்தைப் பிரித்தெடுக்கும் நிரல் எழுதுகிறவர்தான் பாவம்.