சுண்டைக்காய் கால் பணம்: ஹாங்காங்கிலிருந்து வந்த ரேடியோ

போன நவம்பரில் ஒரு ரேடியோ வாங்கினேன். டெக்சன் பிஎல்-330. சீனத் தயாரிப்பு, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிசு. மீடியம் வேவ், ஷார்ட் வேவ், எஃப்எம் எல்லாம் எடுக்கும், பொழுதுபோக்காக வயர்லெஸ்ஸில் பேசிக்கொள்ளும் ஹாம்காரர்களின் எஸ்எஸ்பி என்ற ஒலிபரப்பு முறையையும் எடுக்கும். ரேடியோவைப் பற்றி எனக்கு ஒரு குறையும் கிடையாது. அது கும்பகோணத்துக்கு வந்து சேர்ந்த கதைதான் பெரிசு. கடல் கடந்து சாமான் வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு அந்தக் கணக்கு உதவும்.

நான் தொலைபேசித் துறையில் 31 வருஷம் ஓட்டிவிட்டு 2020 ஜனவரியில் விருப்ப ஓய்வில் வந்தவன். ஒயரும் ஈயப் பற்றவைப்பும் பழகிய கை. ராத்திரி 9.15 ஆனால் பிபிசி தமிழோசை கேட்காமல் எங்கள் வீட்டில் இலை போட மாட்டார்கள். சிற்றலையில், அதாவது ஷார்ட் வேவில், அது 2017 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு நின்றது. அதன்பின் பழைய பெட்டி பரணுக்குப் போனது. ஓய்வு கிடைத்தபின் மறுபடி அரிப்பு எடுத்தது.

முதலில் எலக்ட்ரானிக்ஸ் சாமானுக்குப் பேர்போன சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடைக்குப் போன் போட்டேன். "13,800 சார், பேட்டரியோட. ஆறு மாசம் நம்ம கடை வாரண்டி" என்றார். சரி, பார்க்கலாம் என்று வைத்துவிட்டு, இணையத்தில் தேடினால் ஹாங்காங் விற்பனையாளர் ஒருவர் அதே ரேடியோவுக்கு 79 டாலர் போட்டிருந்தார். மனசுக்குள் 89-ஆல் பெருக்கினேன். ஏழாயிரத்துச் சொச்சம்! ரிச்சி தெருக்காரர் பகல் கொள்ளை அடிக்கிறார் என்றே அன்று ராத்திரி தூங்கப் போனேன். அந்த மனுஷனிடம் இப்போது மானசீகமாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அனுப்பும் செலவு 15 டாலர். ஆக 94 டாலர், நம் காசில் 8,366 ரூபாய். என் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடியே கிடந்தது. 2020-க்கு அப்புறம் ரிசர்வ் வங்கி விதிப்படி நாமாகத் திறந்துவிட்டால்தான் உண்டு. பையன் போனில் ஏதோ அமுக்கித் திறந்துகொடுத்தான். மாசக் கடைசியில் ஸ்டேட்மெண்ட் வந்தபோதுதான் தெரிந்தது, டாலரை ரூபாயாக்கியதற்கு வங்கி மூன்றரை சதவீதம் எடுத்திருக்கிறது, 293 ரூபாய். அந்த 293-க்கு ஜிஎஸ்டி 53. கமிஷனுக்கே வரி.

பணம் கட்டிய மறுநாள் விற்பனையாளரிடமிருந்து ஒரு செய்தி. கவலைப்படாதீர்கள், பார்சலில் 'பரிசு, 25 டாலர்' என்று எழுதிவிட்டோம், வரியே வராது என்று. நல்லது செய்வதாகத்தான் நினைத்திருக்கிறார், பாவம். 5,000 ரூபாய் வரை பரிசுப் பொருளுக்கு வரி இல்லை என்று ஒரு காலத்தில் இருந்தது நிஜம். அதை 2019 டிசம்பரிலேயே எடுத்துவிட்டார்கள். உயிர் காக்கும் மருந்துக்கும் ராக்கிக் கயிற்றுக்கும் மட்டும் விலக்கு. ரேடியோவை ராக்கி என்று யாரும் நம்பப்போவதில்லை. வேண்டாம், உள்ளபடி எழுதுங்கள் என்று பதில் போட்டேன். அதற்குள் விமானம் ஏறிவிட்டது.

அப்புறம் கூரியர் கம்பெனியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். "சார், உங்க பேர்ல ஒரு பார்சல் கஸ்டம்ஸ்ல நிக்குது, ஆதார் அப்லோட் பண்ணணும், லிங்க் அனுப்பறேன்." பேப்பரில் தினம் படிக்கிறோமே, பார்சலில் போதை மருந்து இருக்கிறது என்று மிரட்டி லட்சக்கணக்கில் கறக்கிறார்கள் என்று. பட்டென்று வைத்துவிட்டேன். மறுநாளும் கூப்பிட்டாள். "ஏங்க, அவகிட்ட பேசாதீங்க, கணக்கெல்லாம் வழிச்சிடுவா" என்று உள்ளேயிருந்து குரல். மறுபடி வைத்தேன். மூன்றாம் தடவை அந்தப் பெண், "ஹாங்காங்லேர்ந்து ரேடியோதானே சார் வாங்கியிருக்கீங்க?" என்று கேட்டாள். அழுகிற குரல். அப்புறம்தான் பார்சல் எண்ணை வாங்கி, நானே கம்பெனியின் தளத்துக்குப் போய்ப் போட்டுப் பார்த்தேன். நிஜம்தான். அவள் அனுப்பிய லிங்கை மட்டும் கடைசிவரை தொடவில்லை.

ஆதார் கொடுத்ததோடு முடியவில்லை. 25 டாலர் விலையை சுங்கத்தில் நம்பவில்லை. நம்பாததில் தப்பும் இல்லை. கார்டில் பணம் போன ஆதாரமும், வாங்கிய பில்லும் கேட்டார்கள். அனுப்பினேன். ஒன்பது நாள் அங்கேயே கிடந்தது. கடைசியில் உண்மை விலைக்கே வரி போட்டார்கள்: 3,678 ரூபாய்.

இது எப்படி வருகிறது என்று பலருக்குப் புரிவதில்லை. நான் 79 டாலருக்குத்தான் வரி என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. பொருளின் விலையோடு, வந்த வழிச் செலவையும் சேர்த்துத்தான் மதிப்புப் போடுகிறார்கள். அதற்குச் சுங்கவரி. பிறகு அந்தச் சுங்கவரியையும் சேர்த்த மொத்தத்துக்கு ஐஜிஎஸ்டி, அதாவது இறக்குமதிக்குப் போடும் ஜிஎஸ்டி. அனுப்பும் கூலிக்கும் வரி, வரிக்கும் வரி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சொன்ன பாட்டி எந்தச் சுங்கச் சாவடியில் நின்றாளோ!

வரியை நமக்காக முன்கூட்டிக் கட்டியதற்குக் கூரியர்காரர் கூலி 500, அதற்கு ஜிஎஸ்டி 90. வாசலில் வந்து நின்ற பையன் இரண்டையும் சேர்த்து 4,268 கேட்டான். கையில் அவ்வளவு இல்லை, ஜிபே போட்டேன்.

பெட்டியைப் பிரித்தால் ரேடியோ இருக்கிறது, உறை இருக்கிறது, இயர்போன், ஷார்ட் வேவுக்கு இழுத்துக் கட்டும் ஒயர் எல்லாம் இருக்கிறது. பேட்டரி இல்லை. லித்தியம் பேட்டரியை விமானத்தில் அனுப்புவது தொல்லை என்று எடுத்துவிட்டிருக்கிறார். விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்ததை நான்தான் பார்க்கவில்லை. முகம் சுருங்கிப்போய்ப் பின்மூடியைத் திறந்தேன். உள்ளே அச்சடித்திருந்த பேட்டரி எண்ணைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது: பிஎல்-5சி! பழைய நோக்கியா போனில் போட்டோமே, அதே சப்பை பேட்டரி. தெருமுனை செல்போன் கடையில் கேட்டேன். டிராயரைத் துழாவி ஒன்றை எடுத்துத் தூசி ஊதிக் கொடுத்தார். 220 ரூபாய். இப்படி எந்த ஊரிலும் கிடைக்கிற பேட்டரியை வைத்து வடிவமைத்த ஆளுக்குத் தனியாக ஒரு நமஸ்காரம். அதே ஆள் சார்ஜ் பின்னை மட்டும் பழைய மைக்ரோ யுஎஸ்பியாக விட்டிருக்கிறார். வீட்டில் தேடி ஒரு ஒயர் கண்டுபிடித்தாயிற்று.

கூட்டிப் பாருங்கள். 8,366, வங்கிக்கு 346, சுங்கத்துக்கு 3,678, கூரியருக்கு 590, பேட்டரி 220. மொத்தம் 13,200. ரிச்சி தெரு விலைக்கும் இதற்கும் வித்தியாசம் 600 ரூபாய். அதற்காக நான் காத்திருந்தது 26 நாள், கைவிட்டுப் போனது கடை வாரண்டி. விற்பனையாளரும் ஒரு வருஷ வாரண்டி போட்டிருக்கிறார். ஆனால் ரிப்பேர் என்றால் நாம் நம் செலவில் ஹாங்காங்குக்கு அனுப்ப வேண்டும். திரும்பி வரும்போது, இது பழுது பார்த்து வருகிற பொருள் என்று காகிதம் சரியாக வைக்காவிட்டால் மறுபடி வரி. அந்த வாரண்டியை நான் பைசாவுக்கு மதிக்கவில்லை.

இதிலும் எனக்கு யோகம் என்றுதான் சொல்ல வேண்டும். இந்த ரேடியோவுக்கு வேண்டியது 5 வோல்ட் சார்ஜர்தான், எந்த நாட்டில் வாங்கினாலும் ஒன்றே. என் மச்சான் ஜப்பானிலிருந்து பழைய கேசட் டெக் ஒன்றை வரவழைத்தார். பளபளவென்று கண்ணாடி மாதிரி இருந்தது. நேராக நம் சுவரில் சொருகினார். அது 100 வோல்ட் டெக், நம் வீட்டில் 230. 'டப்' என்று ஒரே சத்தம், ஹாலெல்லாம் கருகல் நெடி. அப்புறம் டிரான்ஸ்ஃபார்மர் மாற்றிச் சுற்றி, பியூஸ் போட்டு, நான் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். இறக்குமதிச் செலவில் அதையும் எழுத வேண்டும். மச்சான் எழுதவில்லை, எனக்குக் காப்பி மட்டும் கொடுத்தார்.

இன்னொரு வயிற்றெரிச்சல். 2026 பிப்ரவரி பட்ஜெட்டில், சொந்த உபயோகத்துக்கு வரவழைக்கும் பொருளுக்கான சுங்கவரியை 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைப்பதாக அறிவித்தார்கள். ஐந்தாறு மாசம் பொறுத்திருந்தால் எனக்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் மிச்சம். அப்படியே குறைந்தாலும், ரிச்சி தெருவில் ஒரு ஆயிரம் ஆயிரத்தைந்நூறு கூடுதலாகக் கேட்டாலும் அங்கேயே வாங்கிக்கொள்வேன். பழுதானால் ரயிலேறிப் போய் மேஜைமேல் வைத்து, "என்னய்யா இது?" என்று கேட்கலாமே. இங்கே கிடைக்காத சாமானுக்கு மட்டும் அந்தப் பக்கம் போவதாக முடிவு.

சரி, ரேடியோ எப்படி? திருச்சி 936 பகலிலேயே கிணற்றுத் தண்ணி மாதிரித் தெளிவு. ராத்திரி ஆனால் மீடியம் வேவில் இலங்கையும் வளைகுடாவும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு வருகின்றன. சீன வானொலியின் தமிழ்ப் பிரிவு ஒருநாள் தற்செயலாக மாட்டியது. 1963-லிருந்து நடக்கிறது அது. பீஜிங்கில் உட்கார்ந்து சுத்தத் தமிழில் வணக்கம் சொல்கிறாள் ஒரு சீனப் பெண். நம் எஃப்எம்மில் அந்தத் தமிழைத் தேட வேண்டியிருக்கிறது. காலையில் 7 மெகாஹெர்ட்ஸ் பக்கம் போய் எஸ்எஸ்பியை அமுக்கினால் ஹாம்காரர்கள் மழை, மூட்டுவலி, ஆண்டெனா உயரம் என்று பேசிக்கொண்டிருப்பார்கள். முதலில் வாத்து கத்துகிற மாதிரி இருக்கும். பக்கவாட்டுச் சக்கரத்தை மயிரிழை மயிரிழையாக நகர்த்த வேண்டும். ஒரு இடத்தில் வாத்து மனுஷனாகிவிடும். அந்த ஒரு நொடிக்காகவே இந்தப் பெட்டியை வாங்கலாம்.

வீட்டுக்குள் ஷார்ட் வேவ் சுத்தமாக எடுபடவில்லை. பெட்டியின் குற்றமல்ல. எல்இடி பல்பு, செல்போன் சார்ஜர் எல்லாம் சேர்ந்து 'கொர்ர்' என்று இரைகின்றன. மொட்டை மாடிக்குப் போய் அந்த ஒயரைத் துணிக்கொடியோடு கட்டினால் பரவாயில்லை. ஆனால் போன மாசம் பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து தெருவில் கரண்ட் நிறுத்தினார்களே, அன்றைக்குக் கேட்டதுதான் கேட்பு. கூடத்தில் ஊஞ்சலில் உட்கார்ந்தே ஏழெட்டு நாடு. இரைச்சல் என்கிற பேச்சே இல்லை. நாலு மணிக்குக் கரண்ட் வந்ததும் வீட்டில் எல்லோரும் "அப்பாடா" என்றார்கள். நான் மட்டும் பேப்பரை எடுத்து, அடுத்த மின்தடை எந்தத் தேதி என்று தேடினேன்.