எங்கள் தாமான் ஜாகா சேவை: ரோந்து நன்று, விற்ற விதம் மோசம்

கோலாலம்பூரில் ஜாலான் ஈப்போ பக்கம் இருக்கும் எங்கள் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) ஜாகா (காவலாளி) கம்பெனி வந்து சில வருடம் ஆகிறது. வீட்டுக்கு மாதம் 70 வெள்ளி (ரிங்கிட்). கம்பெனி பெயரைப் போடப் போவதில்லை. எல்லாக் கம்பெனியும் ஏறக்குறைய இப்படித்தான் என்று மற்ற தாமான்காரர்கள் சொல்கிறார்கள்.

முதலில் நல்லது. நேபாளித் தம்பிகள், பன்னிரண்டு மணிநேர ஷிப்ட். நடுராத்திரியிலும் மோட்டாரில் ரோந்து வருவார்கள். விளக்குக் கம்பத்தில் ஒட்டிய பொத்தானில் ரோந்தைப் பதியும் கருவியை வைத்தால் 'டிக்' என்று ஒரு சத்தம். எனக்குத்தான் தூக்கம் கிடையாதே, தினமும் கேட்கிறேன். தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது தபால் பெட்டியில் பிதுங்கிய கடிதங்களை யாரும் சொல்லாமலே எடுத்துப் பத்திரமாக வைத்திருந்தார்கள். ரோந்துக்கு 5-க்கு 5.

என் மனத்தாங்கல் வேறு. 2022 பொதுத் தேர்தலுக்குக் கொஞ்சம் முன்னால், இந்தச் சேவைக்குக் கையெழுத்து வாங்க டேவானில் (பொது மண்டபத்தில்) கூட்டம் போட்டார்கள். கறிபாப், தே தாரிக் எல்லாம் உண்டு. முதலில் ஒரு கட்சிக்காரர் எழுந்து கொள்ளை, பாராங் கத்தி வெட்டு என்று அரைமணி நேரம் பொரிந்து தள்ளினார். எந்தத் தாமான், என்றைக்கு என்று ஒரு வார்த்தை இல்லை. அவர் உட்கார்ந்ததும் கம்பெனிக்காரர் திரையில் படம் போட்டார்: மோட்டாரில் ஒரு கறுப்புப் பையன், அரை ஹெல்மெட். பார்த்தால் நம்ம வீட்டுப் பிள்ளை. நம்மவர்களே "ஆமாம் ஆமாம்" என்று தலையாட்டினார்கள்!

இந்தப் படம் புதுசா என்ன? 1969-ஆம் வருட அவசரகாலச் சட்டத்தை நீக்கப்போவதாக அப்போதைய பிரதமர் நஜிப் 2011-இல் அறிவித்தார். விசாரணையில்லாமல் ஆட்களை உள்ளே வைக்க உதவிய சட்டம் அது. 2013-இல் துப்பாக்கிச் சூட்டுச் செய்திகள் பெருகியதும், அந்தச் சட்டம் போனதால் வெளியே வந்தவர்கள்தான் காரணம் என்றது அரசுத் தரப்பு. ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. உறுப்பினர்களில் பெரும்பாலோர் இந்தியர் என்றும் சொன்னது. ஊரே மிரண்டு கிடந்த நேரம் பார்த்து, அக்டோபரில் குற்றத் தடுப்புச் சட்டத் திருத்தம் நாடாளுமன்ற மக்களவையில் நிறைவேறியது. விசாரணையில்லாமல் இரண்டு வருடம் உள்ளே வைக்க மறுபடி வழி திறந்தது. எதிர்வீட்டு அம்மாவின் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடியது நிஜம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த அம்மாவின் பயத்தை வைத்து யார் யார் என்னென்ன சாதித்துக்கொண்டார்கள் என்று பாருங்கள்.

என் அக்கா மகன் மோட்டாரில் சாப்பாடு டெலிவரி செய்கிறான். வரும்போதெல்லாம் தடுப்பில் நிறுத்தி ஐசியை (அடையாள அட்டையை) வாங்கி வைத்துக்கொள்வார்கள். முன்பின் தெரியாத ஆள் காரில் வந்தால் கண்ணாடியைக்கூட இறக்க வேண்டாம், கம்பம் தானாக மேலே போகும். அடுத்தவர் ஐசியைப் பிடித்து வைக்க ஜாகாவுக்கு அதிகாரமே கிடையாது. ரோடும் டிபிகேஎல் என்ற மாநகர் மன்றத்துடையது.

"ஏன் தம்பி அவனை மட்டும்?" என்று ஜாகாவிடம் மலாயில் கேட்டேன். பாவம், ஒளிக்காமல் சொன்னான்: பயிற்சியில் படம் காட்டி, இந்த மாதிரி ஆளைப் பிடித்து நிறுத்தச் சொன்னார்களாம். டேவானில் நாங்கள் பார்த்த அதே படம்.

குடியிருப்பாளர் சங்கத்தில் புகார் கொடுத்த பிறகு ஐசி வாங்குவது நின்றது. இப்போது வண்டி நம்பரை மட்டும் எழுதுகிறார்கள், காருக்கும் சேர்த்து.

மொத்தத்தில் 5-க்கு 3. நீங்கள் எடுப்பதாக இருந்தால் உள்துறை அமைச்சின் லைசென்ஸைக் கேட்டுப் பாருங்கள். ஜாகாவுக்கு என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். கையெழுத்துக் கூட்டத்தில் கட்சிக்காரருக்கு மைக் கொடுக்காதீர்கள், கறிபாப் வேண்டுமானால் கொடுங்கள்.