ஒரு காலண்டர் சீசன் முழுக்க என்8என்: சிவகாசி பிரஸ்ஸில் பட்டதும் பார்த்ததும்

ஆடிப் பதினெட்டுக்குக் காலண்டர் ஆல்பம் வெளியே போய்விட்டால், அப்புறம் மார்கழி வரை எங்கள் பிரஸ்ஸில் போன் ஓயாது. வருகிற போனில் பாதிக்கு ஒரே கேள்விதான்: "நம்ம ஜாப் எங்க நிக்குது?" சிவகாசியில் எங்களுடையது சின்ன ஆஃப்செட் பிரஸ். மிஷினைக் கொழுந்தனார் பார்க்கிறார், பார்ட்டிகளை வீட்டுக்காரர் பார்க்கிறார், ஜாப் கணக்கு என் பொறுப்பு. நான் பி.காம். படித்தவள். டேலியும் எக்செல்லும் போதும் என்று இருந்தவள்.

ரெண்டு வருஷமாக ட்ரெல்லோ வைத்திருக்கிறோம், வேலைகளைக் கார்டு கார்டாகத் திரையில் ஒட்டி நகர்த்துகிற ஆப் அது. ஒரே போர்டு. டிசைன், ப்ரூஃப், பிளேட், மிஷின், லேமினேஷன், கட்டிங், டின் (தகரப் பட்டை அடிப்பது), டெஸ்பாட்ச் என்று எட்டு லிஸ்ட். ஒரு ஜாப்புக்கு ஒரு கார்டு. வேலை முடிந்ததும் அந்தந்த ஆள் போனிலேயே அடுத்த லிஸ்ட்டுக்கு இழுத்து விடுவார். 'எங்கே நிற்கிறது' என்பதற்குப் பதில் உடனே கிடைத்துவிடும். 'எத்தனை நாளாக நிற்கிறது' என்றால்தான் சிக்கல். ஒவ்வொரு கார்டாகத் திறந்து கீழே இருக்கிற வரலாற்றைப் படிக்கலாம்தான். இருநூறு கார்டை யார் திறப்பது? இந்தத் தடவை கொழுந்தனார் இன்னொரு மிஷின் எடுக்கவேண்டும் என்று ஆரம்பித்தார். லோன் வாங்குகிற விஷயம். வாய்ப்பேச்சை நம்பிக் கையெழுத்துப் போட எனக்கு மனசில்லை. ஒவ்வொரு நகர்த்தலையும் தேதி, நேரத்தோடு ஒரு டேட்டாபேஸில் எழுதி வைத்துப் பார்ப்போம் என்று இறங்கினேன்.

அதற்குப் பிடித்த கருவிதான் என்8என். ஒரு ஆப்பில் ஒன்று நடந்தால் அந்தத் தகவலை எடுத்து இன்னொன்றில் தானாகப் போடுகிற மென்பொருள். 'என்-எய்ட்-என்' என்று சொல்லவேண்டும். 'நோட்மேஷன்' என்ற சொல்லைச் சுருக்கி வைத்த பெயராம். 2019-ல் பெர்லினில் தொடங்கியது. திரையில் கட்டம் கட்டமாக வைத்துக் கோடு இழுத்து இணைக்கிறோம். ஒவ்வொரு கட்டத்துக்கும் நோட் என்று பெயர். நம் சொந்த சர்வரில் போட்டுக்கொண்டால் பணம் கிடையாது. நம் அலுவலக வேலைக்கு எவ்வளவு வேண்டுமானாலும் ஓட்டலாம், அதையே சேவையாக வெளியே விற்கத்தான் உரிமம் இடம் தராது. முதலில் இதே வேலையைச் செய்கிற ஜாப்பியர் என்ற சேவையைத்தான் பார்த்தேன். இலகுவானதுதான், ஆனால் அங்கே ஒவ்வொரு செயலும் ஒரு டாஸ்க் என்று எண்ணிக்கையில் ஏறும். நான் நினைத்திருந்த டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ், அதற்கான இணைப்பும் இலவசத் திட்டத்தில் வராது. சீசனில் ஒரு நாளைக்கு நூறு நகர்த்தல் நடக்கிற இடத்தில் அது கட்டுப்படியாகாது.

அக்கா மகன் இன்ஜினியரிங் படிக்கிறான். மாதம் ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு சர்வர் எடுத்து, டாக்கரில் (மென்பொருளைத் தனித்தனிப் பெட்டியாக வைத்து ஓட்டுகிற கருவி) என்8என்னும் பக்கத்திலேயே போஸ்ட்கிரெஸ்ஸும் அவன் போட்டுக் கொடுத்தான். டேட்டாபேஸை வெளியே திறந்து வைக்கவில்லை. என்8என் மட்டும்தான் உள்ளேயிருந்து அதோடு பேசும். மீதியெல்லாம் நானே செய்தது.

முதல் கட்டம் ட்ரெல்லோ ட்ரிகர், போர்டில் ஏதாவது நடந்ததும் ஓட்டத்தைத் தொடங்கி வைக்கிற நோட். அதற்குப் போர்டின் ஐ.டி. வேண்டும். போர்டு முகவரியின் கடைசியில் ஒரு புள்ளி வைத்து 'ஜேசன்' (json) என்று சேர்த்துத் திறந்தால் தலைமாட்டிலேயே 24 எழுத்தில் இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மத்தியானம் போயிற்று. அடுத்த கட்டம் போஸ்ட்கிரெஸ். இடப்பக்கம் ட்ரெல்லோ அனுப்பிய தகவல் வரிசையாகத் தெரியும், அதிலிருந்து கார்டு பெயரைப் பிடித்து வலப்பக்கப் பெட்டியில் விடவேண்டியதுதான். ஒரு கார்டை நகர்த்தினேன், டேபிளில் ஒரு வரி விழுந்தது. கல்யாண வீட்டில் முதல் பத்திரிகை கொடுத்த மாதிரி எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

மறுநாள் பார்த்தால் நானூறு வரி. போர்டில் நடக்கிற எல்லாவற்றையும் ட்ரெல்லோ அனுப்பும்: கமென்ட், செக்லிஸ்ட்டில் டிக், படம் சேர்த்தது, எல்லாம். நடுவில் ஒரு ஃபில்டர் நோட் வைத்து, லிஸ்ட் மாறியிருந்தால் மட்டும் உள்ளே விடு என்று சொல்லவேண்டும். அப்படிச் சொன்னதில் புதுக் கார்டுகள் விட்டுப்போயின. கார்டு பிறப்பது வேறு வகைச் செயல், லிஸ்ட் மாறுவது வேறு வகை. டிசைன் லிஸ்ட்டுக்கு உள்ளே வந்த நேரமே இல்லாமல் ஒரு வாரம் வெறுமனே கிடந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அதற்கு அடுத்த கூத்து நேரத்தில். கொழுந்தனார் ஒரு நாள் லேப்டாப்பை எட்டிப் பார்த்துவிட்டு, "மதினி, நான் புதன்கிழமை விடியக்காலை ரெண்டு மணிக்கு முடிச்ச வேலையச் செவ்வா ராத்திரி எட்டரைன்னு போட்டிருக்கீங்களே, நைட் ஷிஃப்ட்ல நான் தூங்குனேன்னு சொல்லவா?" என்றார். ட்ரெல்லோ தருவது உலகப் பொது நேரம், நம்முடையதற்கு ஐந்தரை மணி பின்னால். நான் டேபிள் கட்டும்போது நேரப் பத்தியை டைம்ஸோன் இல்லாத வகையில் வைத்துவிட்டேன். டைம்ஸோனோடு சேர்ந்த வகையாக மாற்றியதும் சரியாயிற்று. பகல் வேலை மட்டும் நடக்கிற இடமாக இருந்தால் யாரும் கவனித்திருக்கவே மாட்டோம்.

இதே பாடத்தை என்8என்னிலும் தனியாக ஒரு தடவை படித்தேன். காலை எட்டு மணிக்கு ஒரு மெயில் வரும்படி வைத்தேன். வந்தது மாலை ஐந்தரைக்கு. நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் அது நியூயார்க் நேரத்தை எடுத்துக்கொள்ளும். ஆரம்பத்திலேயே ஜெனரிக் டைம்ஸோன் என்கிற செட்டிங்கில் ஏசியா/கொல்கத்தா என்று போட்டுவிடவேண்டும். ஆவணத்தில் எழுதியிருக்கிறார்கள். படிக்காதது நான்.

புரட்டாசி முடிகிற நேரத்தில் 212 ஜாப் கணக்கு சேர்ந்திருந்தது. ஒரு லிஸ்ட்டுக்குள் வந்த நேரத்தையும் வெளியே போன நேரத்தையும் கழித்துச் சராசரி எடுக்க டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கிற மொழியான எஸ்க்யூஎல்லில் நாலு வரி போதும், பையன் எழுதிக் கொடுத்தான். மிஷினில் ஒரு ஜாப் சராசரியாக 19 மணி நேரம் இருக்கிறது. ப்ரூஃபில்? ஐந்து நாள் 14 மணி நேரம். பார்ட்டிக்கு வாட்ஸப்பில் ப்ரூஃப் போய்விடும். அவர் சாமி படத்துக்குக் கீழே கடை பெயர் சரியா என்று பார்த்து 'ஓகே' சொல்லத்தான் அத்தனை நாள். நாங்களும் கேட்கமாட்டோம், அவராகச் சொல்லட்டும் என்று இருப்போம். அப்புறம் எல்லா ஓகேயும் ஒரே வாரத்தில் வந்து விழும், மிஷின் திணறும், இன்னொரு மிஷின் வேண்டும் என்று தோன்றும். காகிதத்தில் அச்செடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். கொழுந்தனார் ரெண்டு தடவை பார்த்தார். லோன் பேச்சு அந்த மாதம் வரவில்லை.

இப்போது அந்த எட்டு மணி மெயிலில் 48 மணி நேரத்துக்கு மேல் ப்ரூஃபில் நிற்கிற ஜாப்புகள் மட்டும் வரும். வீட்டுக்காரர் காபி குடித்துக்கொண்டே வரிசையாகப் போன் போடுகிறார்.

குறை இல்லாமல் இல்லை. கொஞ்சம் கோடு எழுதினால் போதும் என்று 'லோ-கோடு' என்கிறார்களே, அந்த 'லோ' அவ்வளவு தாழ்வானது இல்லை. வெப்ஹூக் (ஒன்று நடந்ததும் ட்ரெல்லோ நம் சர்வரைத் தட்டித் தகவல் தருவது), ஜேசன் (அந்தத் தகவல் வருகிற வடிவம்), எக்ஸ்பிரஷன் (அதிலிருந்து வேண்டியதை எடுக்க எழுதுகிற குறிப்பு) என்ற மூன்றும் என்னவென்று புரியாமல் ஒரு அடி வைக்கமுடியாது. தமிழில் படிக்க ஒன்றும் அகப்படவில்லை, ஆங்கில ஆவணத்தையே நாலு தடவை வாசித்தேன். ஏறக்குறைய வாரம் ஒரு புது வெர்ஷன் வருகிறது. சீசனில் நான் தொடுவதே இல்லை. முதலில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் முயன்று பார்த்துவிட்டு சர்வருக்கு மாற்றியபோது என்8என் பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கிற என்கிரிப்ஷன் கீயை எடுக்க மறந்தேன், சேமித்த பாஸ்வேர்டு ஒன்றும் திறக்கவில்லை, எல்லாவற்றையும் புதிதாகக் கொடுத்தேன். அந்தக் கீயை எழுதிப் பீரோவில் வையுங்கள்.

இன்னொன்று, நம் பக்கம் சர்வர் விழுந்திருந்தால் ட்ரெல்லோ 30, 60, 120 விநாடி இடைவெளியில் மூன்று தடவை தட்டிப் பார்க்கும், அப்புறம் விட்டுவிடும். நான் எடுத்த சர்வர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெண்டு மணி நேரம் படுத்துவிட்டது. அதனால் ராத்திரி 11 மணிக்கு இன்னொரு ஓட்டம் வைத்திருக்கிறேன்: அன்றைய நகர்த்தல்களை மொத்தமாகக் கேட்டு வாங்கி, விட்டுப்போனதை மட்டும் சேர்க்கும். ட்ரெல்லோ ஒவ்வொரு செயலுக்கும் தனி ஐ.டி. தருகிறது, போஸ்ட்கிரெஸ் நோடில் 'இன்செர்ட் ஆர் அப்டேட்' (இல்லையென்றால் சேர், இருந்தால் திருத்து) எடுத்து அந்த ஐ.டி.யை அடையாளமாக வைத்தால் ஒரே வரி ரெண்டு தடவை விழாது. முதல் நாளே இதைச் செய்திருக்கவேண்டும்.

பத்துப் பதினைந்து கார்டு ஓடுகிற இடத்துக்கு இதெல்லாம் வேண்டாம், நோட்டுப் போதும். எங்களை மாதிரி நாளைக்கு நூறு நகர்த்தல் இருந்து, வீட்டில் டாக்கர் தெரிந்த ஒரு பையனும் இருந்தால் ஐந்துக்கு நாலு கொடுப்பேன். பையன் இல்லையென்றால் மூன்று.

கட்டிங் கணக்கு மட்டும் இன்னும் பிடிபடவில்லை. டேட்டாபேஸ்படி எங்கள் கட்டிங் ஜாப் எல்லாமே தினமும் மாலை ஆறு மணிக்கு, சில நிமிஷ இடைவெளியில் முடிகின்றன. கட்டிங் அண்ணாச்சி போனைத் தொடமாட்டார், சுவரில் சாக்பீஸால் கோடு போடுவார். வீட்டுக்குக் கிளம்பும்போது உதவிப் பையன் அந்தக் கோடுகளைப் பார்த்து எல்லாக் கார்டையும் மொத்தமாக நகர்த்துகிறான். "இந்தா, செவுத்துல நேரமும் சேத்து எழுதட்டுமா தாயி?" என்று கேட்டிருக்கிறார் அண்ணாச்சி. எழுதச் சொல்லியிருக்கிறேன்.