மலை வீட்டில் எமுலேட்டருக்கு கிராபிக்ஸ் கார்டு: சத்தம்தான் முதல் கணக்கு

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பெரும்பாலான வீடுகளில் சீலிங் ஃபேன் கிடையாது. சமவெளியில் கம்ப்யூட்டர் போடும் இரைச்சலை அந்த ஃபேன் விழுங்கிவிடும். இங்கே ராத்திரி ஜன்னலைச் சாத்திவிட்டால் கார்டின் குட்டி ஃபேன் சுற்றுவதுகூடத் தனியாகக் கேட்கும். ஆகவே கீழே இருப்பவர்கள் 'சத்தமே இல்லை' என்று சொல்லும் கார்டை அப்படியே நம்பி வாங்க முடியாது. பிஎஸ்2, கேம்கியூப், வீ போன்ற பழைய கேம் கன்சோல்களின் விளையாட்டுகளை எமுலேட்டரில் (அந்தக் கன்சோலைப்போல நடிக்கும் கம்ப்யூட்டர் மென்பொருளில்) ஓட்டுவதற்கு, நீண்ட நாள் மலையில் வைத்துப் புழங்க எந்தக் கார்டு ஏற்றது என்பதே இங்கே பேச்சு.

எமுலேட்டரின் வேகத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பிராசசர்தான். அதிலும் எத்தனை கோர் என்பதைவிட ஒரு கோரின் வேகம் முக்கியம். படத்தைப் பெரிதாக்கித் தீட்டுவது கார்டின் வேலை. கேம்கியூப்பின் சொந்த அளவு 640×528. கேம்கியூப், வீக்கான எமுலேட்டர் டால்ஃபினில் இன்டர்னல் ரெசல்யூஷனை (படம் தீட்டப்படும் அளவை) 3 மடங்கு வைத்தால் 1920×1584 ஆகும். 1080பி திரைக்கு அது தாராளம். விளையாட்டு தடுமாறினால் அதை 1 மடங்குக்கு இறக்கிப் பாருங்கள். அப்படியும் தடுமாறினால் கோளாறு பிராசசரில். கார்டை மாற்றுவது வீண் செலவு. பிஎஸ்2 எமுலேட்டரான பிசிஎஸ்எக்ஸ்2வில் இஇ (பிராசசரின் சுமை), ஜிபியு (கார்டின் சுமை) சதவீதங்களைத் திரையிலேயே காட்ட வைக்கலாம். 100ஐ ஒட்டி நிற்பது எதுவோ அதுதான் முட்டுக்கட்டை. பிஎஸ்3க்கான ஆர்பிசிஎஸ்3 இன்னும் அதிகமாகப் பிராசசரையே நம்பியிருக்கிறது.

ஃபேனே வேண்டாம் என்பவர்கள் முதலில் தேடுவது ஜிடி 1030. 2017இல் வந்தது, 30 வாட், ஃபேன் இல்லாமல் வெறும் ஹீட்சிங்க்கோடு (வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் தகடுகளோடு) கிடைக்கும். ஆனால் அடுத்த ஆண்டு அதே பெயரில் டிடிஆர்4 மெமரி போட்ட வகை ஒன்றும் வந்தது. ஜிடிடிஆர்5 வகையின் மெமரி வேகம் நொடிக்கு 48 ஜிபி. டிடிஆர்4 வகைக்கு ஏறக்குறைய 17 ஜிபி மட்டுமே. ரெசல்யூஷனைக் கூட்டும்போது முதலில் மூச்சு முட்டுவது மெமரியில்தான் என்பதால், டிடிஆர்4 வகையை இலவசமாகக் கொடுத்தாலும் எமுலேட்டருக்கு வைக்காதீர்கள். பெட்டியில் எழுதியிருப்பதோடு விடாமல் ஜிபியு-இசட் மென்பொருளில் மெமரி வகையைப் பார்த்துவிடுங்கள். நல்ல வகையும் 2 மடங்குக்கு மேல் சிரமப்படும்.

எங்கள் தேர்வு ஜிடிஎக்ஸ் 1650. 4 ஜிபி மெமரி, 75 வாட். தனி மின்கேபிள் கேட்காத மாடல்கள் நிறைய இருப்பதால், 240 வாட் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) கொண்ட பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் ஓடும். கேபினட் ஒல்லியானதாக இருந்தால் மட்டும் லோ புரொஃபைல் (உயரம் குறைந்த) மாடல் தேட வேண்டும். மெமரி ஜிடிடிஆர்6 என்றால் இன்னும் நல்லது. பிஎஸ்2 விளையாட்டுகள் பெரும்பாலானவை 3 மடங்கில் ஓடும்போது கார்டு முழு பலத்தையும் காட்ட வேண்டியிருக்காது. எமுலேட்டர் 60 பிரேமில் நிறுத்திக்கொள்வதால் வெப்பமும் குறைவு.

ஆர்எக்ஸ் 6400, 53 வாட்தான். ஆனால் அது மதர்போர்டோடு பேசும் பிசிஐஇ 4.0 இணைப்பில் வெறும் 4 லேன் (தரவுப் பாதை), பழைய 3.0 மதர்போர்டில் வேகம் குறைகிறது. வீடியோ என்கோடரும் இல்லாததால் விளையாட்டைப் பதிவு செய்பவர்களுக்கு ஆகாது. புதிதாகவே வாங்குவதென்றால் 2024இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050, 6 ஜிபி வகை, 70 வாட். செகண்ட்ஹேண்டில் மலிவாகக் கிடைக்கும் ஆர்எக்ஸ் 580 பக்கம் போக வேண்டாம். 185 வாட் வெப்பத்தை வெளியேற்ற ஃபேன் கத்தித்தான் தீரும்.

குளிர் ஊர்தானே, எந்தக் கார்டும் தாங்கும் என்பது பாதி உண்மை. ஊட்டியின் உயரம் 2,240 மீட்டர். காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆகவே அதே வேகத்தில் சுற்றும் ஃபேன் குறைவான வெப்பத்தையே சுமக்கும். ஆனாலும் அறை வெப்பம் 30க்குப் பதில் 15 டிகிரியில் தொடங்குவதால் மொத்தக் கணக்கில் லாபம் நமக்குத்தான். ஃபேன் இல்லாத கார்டுக்கு மட்டும் கேபினட்டில் 120 மிமீ ஃபேன் ஒன்றை 600–700 சுற்றில் ஓட விடுங்கள். நிமிர்த்தி வைத்த கேபினட்டில் ஹீட்சிங்க் கீழ்நோக்கி இருக்கும், சூடான காற்று அடியிலேயே தங்கிவிடும்.

தொடர்ந்து ஒரே சீராகக் கேட்கும் மெல்லிய இரைச்சல் பழகிவிடும். நின்று நின்று சுற்றும் ஃபேன்தான் எரிச்சல் தரும். குறிப்பிட்ட வெப்பத்தில் தொடங்கி, இரண்டு டிகிரி இறங்கியதும் நின்று, மறுபடி தொடங்கும். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் ஃபேன் பக்கத்தில் ஹிஸ்டெரிசிஸை (எத்தனை டிகிரி இறங்கிய பிறகு ஃபேன் அடங்க வேண்டும் என்ற அளவை) 8–10 டிகிரி வைத்தால் இது அடங்கும். அல்லது நிற்கவே விடாமல் கார்டு அனுமதிக்கும் குறைந்த வேகத்தில் வைத்துவிடலாம். வாங்கும்போது ஃபேனுக்குப் போகும் வயர்களை எண்ணிப் பாருங்கள்: நான்கு என்றால் வேகத்தை நுணுக்கமாக அடக்கலாம், இரண்டு என்றால் அந்த வசதி குறைவு. டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலையில் ஸ்லீவ் பேரிங் ஃபேன் முதல் சில நிமிடம் முனகும். குளிரில் எண்ணெய் கெட்டிப்படுவதே காரணம், சூடேறினால் சரியாகும்.

விளையாட்டு இலேசாக இருக்கும்போது கார்டு தூங்கி வழிந்து, கிளாக்கை (தன் ஓட்ட வேகத்தை) இறக்கி, திடீர்த் தடங்கல் தருவதும் உண்டு. என்விடியா கண்ட்ரோல் பேனலில் அந்த எமுலேட்டருக்கு மட்டும் பவர் மேனேஜ்மென்ட்டை அதிகபட்சத் திறனுக்கு மாற்றுங்கள். எல்லா மென்பொருளுக்கும் மாற்றினால் சும்மா இருக்கும்போதும் சூடு. இன்னொரு தடங்கலுக்கும் கார்டுக்கும் சம்பந்தமே இல்லை: இந்தியாவில் விற்ற பிஎஸ்2 டிஸ்க்குகள் பால் (PAL) என்ற டிவி முறை வகை, 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 படம். 60 ஹெர்ட்ஸ் திரையில் அசைவு திக்கும். விளையாட்டு தொடக்கத்தில் 60 ஹெர்ட்ஸ் கேட்டால் அதைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் திரையை 50க்கு மாற்றுங்கள்.

மலையில் கார்டைக் கெடுப்பது வெயிலும் தூசியுமல்ல, ஈரம். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் அணைத்தே வைத்தால் ஸ்லாட்டில் செருகும் தங்கநிறப் பட்டைகள் மங்கி, ஒருநாள் படமே வராது. கழற்றி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, நன்றாகக் காயவிட்டுச் செருகினால் பெரும்பாலும் உயிர் வரும். தினமும் ஒரு மணி நேரம் ஓட விடுவது நல்ல காப்பு. கம்பளியும் ஸ்வெட்டரும் உதிர்க்கும் பஞ்சு ஹீட்சிங்க்கில் அடைவதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிரஷ்ஷால் எடுங்கள். ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். காற்றிலும் மழையிலும் மரம் சாய்ந்து கரண்ட் போகும் ஊரில் யுபிஎஸ் அவசியம். 75 வாட் கார்டு என்றால் 600 விஏ போதும். சேவ் செய்து அணைக்க நேரம் கிடைக்கும்.