அவருக்கு 84, எனக்கு 61

கோவையில் ஒரு பயிற்சி நிலையம் நடத்தும் 'உணர்வு நுண்ணறிவு' (நம் உணர்ச்சியையும் பிறர் உணர்ச்சியையும் புரிந்து கையாளும் திறமை) ஒருநாள் வகுப்புக்கு நானும் கணவரும் போனோம். ஆளுக்கு 1,500 ரூபாய், மதியச் சாப்பாடு சேர்த்து. (சாம்பார் சாதம் நன்றாகவே இருந்தது.)

காலையில் 60 கேள்விகள் கொண்ட தாளைக் கொடுத்தார்கள். "பிறர் மனநிலை எனக்கு எளிதில் புரியும்" மாதிரி வாக்கியங்கள். 1 முதல் 5 வரை நாமே மதிப்பெண் போட வேண்டும். நூற்றுக்கு அவருக்கு 84, எனக்கு 61. போன மாதம் என் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, போன் செய்து "இட்லி மாவு இருக்கா?" என்று கேட்ட மனிதருக்கு 84!

பயிற்சியாளர் இதை ஆண், பெண் இயல்பு என்று விளக்க ஆரம்பித்தார். அங்கேதான் எரிச்சல். நான் உளவியல் முதுகலை படித்தவள். இந்த மாதிரி தாள் அளப்பது திறமையை அல்ல, நம்மைப் பற்றி நமக்கே இருக்கும் நினைப்பை. அது ஆளுமைப் பண்புகளோடு நன்றாகவே ஒட்டிப்போகும்: கலகலப்பானவர்களுக்கு மதிப்பெண் கூடும், என்னைப் போல் சட்டென்று பதறுகிறவர்களுக்குக் குறையும். ஆனால் முகபாவத்தைக் காட்டி உணர்ச்சியைக் கண்டுபிடிக்கச் சொல்லி, திறமையையே சோதிக்கும் மேயர்-சலோவி-கருசோ தேர்வில் சராசரியாகப் பெண்களே சற்று முன்னால்; ஆளுமையோடு அதற்குள்ள உறவும் குறைவு. இதையெல்லாம் ஒரு வரிகூடச் சொல்லவில்லை.

மதியப் பயிற்சி மட்டும் உருப்படி. எதிரில் இருப்பவர் சொன்னதை, ஆலோசனை எதுவும் சேர்க்காமல் திருப்பிச் சொல்ல வேண்டும். கணவர் மூன்று முறை தோற்றார். நான் நான்கு முறை.

ஐந்துக்கு இரண்டரை கொடுக்கிறேன். சான்றிதழை அவர் ஃபிரேம் போடக் கொடுத்திருக்கிறார்.